அவருடைய நம்பர்

நடை டீச்சர் என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான் இல்லை. ஊரில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வந்து படுத்தவர்கள் வைத்த பெயர். படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பி உட்கார வைத்து, உட்கார்ந்தவர்களை நிற்க வைத்து, நின்றவர்களை வராந்தாவில் நடக்கவிட்டு வீட்டுக்கு அனுப்புவதுதான் அவளுடைய வேலை. பிசியோதெரபி படித்தவள். படிப்பில் மெடல் கிடெல் எல்லாம் வாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கைராசிக்காரி என்று பேர் எடுத்தவள். அப்பேர்ப்பட்டவள் இங்கே வந்து, ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில், என் பக்கத்தில் நின்று படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நானும் அவளைப் போல வந்தவள்தான். கணவர் முன்னால் வேலைக்கு வர, அவருடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். இங்கே தலையணை உறை எண்ணுகிறேன். கணக்கைக் கைவிடவில்லை பாருங்கள். எங்கள் விசாவில் 'துணை' என்று போட்டிருக்கும். வேலை செய்ய அனுமதி உண்டு என்றும் போட்டிருக்கும். அனுமதியைக் கொடுத்த மகராசர்கள் வேலையைக் கொடுக்கத்தான் மறந்துவிட்டார்கள். எனக்கு அந்த ஆசையெல்லாம் செத்துப் புல் முளைத்துவிட்டது. அவளுக்குச் சாகவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

முதல் நாள் அவள் உள்ளே வந்தபோது மூன்று இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் சலவைக்கூடத்தில் ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் அழுக்கு வண்டி வரும், மறுபக்கம் சுத்தமான வண்டி போகும், நடுவில் நீராவிப் பெட்டி புஸ் புஸ்ஸென்று மூச்சு விடும். வெளியுலகம் என்று எங்களுக்கு இருப்பது ஒரு கண்ணாடிக் கதவுதான். அதன் வழியாக நடைக்கூடம் தெரியும், முதியவர்கள் சாப்பாட்டு அறைக்குப் போவதும் வருவதும் தெரியும். நான் அவளுக்கு எலாஸ்டிக் வைத்த விரிப்பை மடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலு மூலையும் ஒன்றுக்குள் ஒன்று போகவேண்டும். அவள் மடித்தது மூட்டை மாதிரி இருந்தது.

"ஏம்மா, நான் இங்க தொண்டை வத்தக் கத்துறேன், உன் கண்ணு எங்க இருக்கு?" என்றேன்.

"அக்கா, அந்த நீல ஸ்வெட்டர்காரரப் பாருங்க. வாக்கர ரொம்ப முன்னாடி தள்ளிட்டு, அப்புறம் அதுக்குப் பின்னாடி ஓடுறார். ஒரு நாள் விழுவார்."

"விழுந்தா தூக்க ஆள் இருக்கு. நீ மடி."

என் வாய் அப்படி. அவள் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தாள். அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவளுடைய கதை சின்னக் கதைதான். வந்த வருடம் வயிற்றில் பிள்ளை, அடுத்த வருடம் கையில் பிள்ளை. பெண் குழந்தை நர்சரிக்குப் போக ஆரம்பித்ததும் இந்த ஊர்ப் பரீட்சைக்குப் படித்தாள். முதல் தடவை போயிற்று, இரண்டாம் தடவை தேறினாள். அதற்கு மேல் ஒரே ஒரு படி பாக்கி: இங்கே லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவரின் கீழ் சில மாதம் வேலை செய்ய வேண்டும். செய்தால் லைசென்ஸ் கைக்கு வரும். ஆனால் ஒரு கண்டிஷன். தொழிலை விட்டு ஐந்து வருடம் ஆகிவிட்டால் பழைய படிப்பு, தேறிய பரீட்சை எல்லாம் செல்லாது. திரும்பக் கல்லூரியில் சேர்ந்து முதலிலிருந்து படிக்க வேண்டும். அவளுக்கு ஐந்தாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. வருடக் கடைசிக்குள் யாராவது ஓர் இடம் தந்தால் உண்டு, இல்லாவிட்டால் நடை டீச்சர் அவ்வளவுதான்.

யார் தருவார்கள்? போன இடமெல்லாம் ஒரே கேள்வி, இந்த ஊரில் வேலை செய்த அனுபவம் இருக்கிறதா? இருந்தால் அவள் ஏன் ஐயா உங்கள் வாசலில் வந்து நிற்கிறாள்? வேலை பார்த்திருந்தால்தான் வேலை என்கிறார்கள், வேலை கிடைத்தால்தானே பார்த்திருக்க முடியும்! இதை நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனேன். இதுவரை ஒரு புண்ணியவானும் பதில் சொல்லவில்லை.

அவளுடைய கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கம்ப்யூட்டர் வேலை. காலையில் பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவார், கோணல் வகிடாக இருந்தாலும் பின்னிவிடுவார். மாலையில் காரைக் கொண்டுவந்து இல்லத்தின் பின்வாசலில் நிறுத்தி எங்கள் இருவரையும் ஏற்றிக்கொள்வார், ஏனென்றால் நான் அவர்கள் வீட்டுக்குக் கீழ்வீடு. அவளுக்கு ஒரு தலைவலி வரக்கூடாது அவருக்கு. வீட்டு வாடகைப் பேச்சு, மின்சாரம், பிள்ளையின் பள்ளிக்கூடம், பல் டாக்டர், அவளுடைய பரீட்சைக்குப் பதிவு செய்தது வரை எல்லாவற்றிலும் அவருடைய நம்பர்தான். "உனக்கு எதுக்கும்மா இந்தத் தொல்லை, நான் பாத்துக்கிறேன்" என்பார். கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! அவளிடமும் ஒரு போன் இருந்தது. அதில் அவளுடைய அம்மா கூப்பிடுவார்கள், நான் கூப்பிடுவேன், அவர் கூப்பிடுவார். ஊரில் காலேஜில் சேர்ந்தபோது அப்பா நம்பர், இங்கே இவர் நம்பர். அதில் ஒரு கோளாறு இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியதா என்ன? என் வீட்டிலும் அதே கதைதான்.

நீல ஸ்வெட்டர்காரர் ஒருநாள் விழத்தான் பார்த்தார். சுத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு நாங்கள் வெளியே வந்த நேரம். வாக்கர் முன்னால் ஓட, அவர் அதன் பின்னால் சரிந்தார். நான் "ஐயோ" என்று வாயைத் திறந்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவள் வண்டியை விட்டுவிட்டுப் போய், இடுப்பில் ஒரு கையும் முழங்கைக்குக் கீழே ஒரு கையுமாக அவரை வாங்கி, தன் முட்டியை அவர் முட்டிக்கு அண்டை கொடுத்து, மெதுவாகப் பக்கத்து நாற்காலியில் இறக்கினாள். மனிதருக்குப் பயம்கூட வரவில்லை. நன்றி சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டார்.

எங்கள் சூப்பர்வைசர் ஓடி வந்து சத்தம் போட்டாள். லாண்டரி ஆட்கள் முதியவர்களைத் தொடக்கூடாது என்பது சட்டம். "விழ விட்டிருக்கணுமா?" என்று நான் கேட்டேன். எனக்கும் சேர்த்துக் கிடைத்தது. ஆனால் அதே நேரம் இல்லத்தின் பிசியோ, நடைக்கூடத்தின் கோடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டையான பெண்மணி, எப்போதும் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பாள், இருக்கிற வேலைக்கு அவள் ஒருத்தி போதாது. வந்து நடை டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படிப் பிடிக்க உனக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"அதுதான் என் படிப்பு."

அந்த வாரமே பேசி முடிவாகிவிட்டது. பிசியோ தன் கீழ் அவளை வைத்துக்கொள்ளத் தயார். இல்லத்தை நடத்தும் தலைமை அலுவலகம் சரி என்றால் போதும். இணையத்தில் விண்ணப்பம் போட வேண்டும், அவர்கள் போனில் கூப்பிட்டுக் கொஞ்சம் பேசிப் பார்ப்பார்கள். "பயப்படாத, சும்மா நாலு கேள்வி கேப்பாங்க" என்றாள் பிசியோ. டீச்சர் அன்றைக்கு விரிப்பு மடித்த வேகத்தைப் பார்க்கவேண்டுமே! இயந்திரம் தோற்றது.

அன்று மாலையே கணவர் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் தட்டினார். நம்பர் என்ற இடம் வந்ததும் அவர் விரல் தன்னால் தன் நம்பரைப் போட்டது. அதற்குக் காரணமும் இருந்தது. சலவைக்கூடத்துக்குள் போன் கொண்டுபோகக்கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். "கால் வந்தா நான் எடுத்து, நீ எப்ப ஃப்ரீன்னு சொல்லிடுறேன்" என்றாராம். என்ன தப்பு அதில்? அவள் என்னிடம் சொன்னபோது நானும் நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

பிறகு ஒத்திகை. துணி அடுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் தலைமை அலுவலகம். சுருட்டிய துவாலையைக் காதில் வைத்துக்கொண்டு, மூக்கால் பேசுவேன்.

"சொல்லுங்க மேடம், உங்க பலம் என்ன, பலவீனம் என்ன?"

"பலவீனம் எங்க அக்கா. எப்பவும் திட்டுவாங்க."

"அடி வாங்குவ. ஒழுங்கா சொல்லு. நோயாளி நடக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"நடக்கச் சொல்ல மாட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஏதோ சத்தம் கேக்குது, என்னன்னு எட்டிப் பாத்துச் சொல்றீங்களான்னு கேப்பேன். எந்திரிச்சிடுவாங்க. ஜன்னல்கிட்ட வந்த அப்புறம்தான் நடந்து வந்திருக்கோம்னே அவங்களுக்குத் தெரியும்."

இந்த வாயை ஒரே ஒரு தடவை யாராவது கேட்டால் போதும், வேலையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று தோன்றியது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளாமல், "சத்தமா பேசுடி, முணுமுணுக்காத" என்று அதட்டினேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கே ஓர் ஆசை வந்தது தெரியுமா? எனக்கில்லை, அவளுக்காக. இருந்தாலும் ஆசை ஆசைதானே.

நாட்கள் போயின, போன் வரவில்லை. தினமும் ஷிப்ட் முடிந்து காரில் ஏறியதும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். ஒருநாள் நல்ல மழை. நாங்கள் நனைந்துகொண்டே ஓடிப்போய் ஏறினோம், அவள் முன்னால், நான் பின்னால். அவள் கேட்கும் முன் அவரே சொன்னார்.

"மத்தியானம் கூப்பிட்டாங்க."

பெல்ட்டைப் போடப்போனவள் பாதியில் நிறுத்தினாள். "எப்பத் திரும்பக் கூப்பிடணும்?"

"கூப்பிட வேண்டாம். நானே பேசி முடிச்சிட்டேன்."

அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வண்டியை எடுக்காமல், கையை ஆட்டி ஆட்டி எங்கள் இருவருக்கும் சொன்னார். "ஒரு லேடி பேசினாங்க. உன்கிட்டப் பேசணும்னாங்க. அவ வேலைல இருக்கா, நான் அவ ஹஸ்பெண்ட், எதுவா இருந்தாலும் எங்கிட்டக் கேளுங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம் சனி ஞாயிறு வர முடியுமான்னு கேட்டாங்க. எந்த ஷிப்ட் குடுத்தாலும் வருவா, எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா, ரொம்ப அடக்கம்னேன். பேசுறதுக்குத்தான் கொஞ்சம் கூச்சப்படுவா, ஆனா வேலைல கெட்டின்னேன். நானே கொண்டுவந்து விட்டு நானே கூட்டிட்டுப் போவேன், அதைப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம்னேன். என்னக்கா, சரிதானே?"

பெண் பார்க்க வந்தவர்களிடம் அண்ணன்காரன் பேசுவதுபோலப் பேசியிருக்கிறார். அவருடைய அம்மா இருந்திருந்தால் பூரித்துப் போயிருப்பார்கள். எங்கள் ஆட்கள் யார் கேட்டாலும், இப்படி ஒரு கணவன் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்புறமா என்கிட்டப் பேசலாமான்னு அவங்க கேக்கலையா?"

"கேட்டாங்க. நாளைக்குக் கூப்பிடட்டுமான்னாங்க. எதுக்கு ரெண்டு வேலை, உனக்கும் டென்ஷன்னு நான்தான் வேண்டாம்னுட்டேன். கடைசில ரொம்ப நன்றின்னு சொன்னாங்க. குரல்லயே தெரிஞ்சுது, நல்லபடியா முடியும் பாரு."

அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அவர் வண்டியை எடுத்தார்.

மறுநாள் அவள் தன் போனிலிருந்து தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டாள். இடைவேளையில், லாக்கர் வரிசைக்கு நடுவில் நின்று, சத்தமாக, தெளிவாகப் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒத்திகையைவிட நன்றாகப் பேசினாள். கேட்டுக்கொண்டது தொலைபேசி எடுக்கும் ஒரு பெண். "உங்க தொலைபேசிப் பேச்சு முடிஞ்சதா பதிவாயிருக்கு, முடிவு தெரிவிப்பாங்க" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். சில நாளில், இல்லை என்று காரணம் சொல்லாமல் முடிவும் வந்தது, அதுவும் அவருடைய நம்பருக்குத்தான்.

பிசியோ நேரில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள், பாவம். சலவைக்கூடத்துக்குள் வந்து அழுக்கு வண்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "நோயாளிங்ககூட இவங்களால தனியாப் பேச முடியுமான்னு சந்தேகம்னு எழுதிட்டாங்க. வீட்டுக்காரர் பேச விடமாட்டார் போலன்னும் ஒருத்தங்க சொன்னாங்க. நான் எவ்வளவோ சொன்னேன். அடுத்த வருஷம் மறுபடி போடச் சொல்றாங்க."

அடுத்த வருடமாம்! அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இருந்தால்தானே? பிசியோவுக்கும் அது தெரியும். மன்னிச்சிடு என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். மறுபடி வேறு இடங்களுக்கு அலைந்து பார்த்தோம். அதே கேள்வி, அதே பதில். வருடம் முடிய இருந்தது கொஞ்ச நாள், அது எங்களுக்காக நிற்கப்போகிறதா?

எனக்கு அவரை நாலு கேள்வி கேட்டே ஆகவேண்டும் போல் இருந்தது. "நீ வீட்ல என்ன காரணம் சொன்ன?" என்று அவளைக் கேட்டேன்.

"வேற யாரையோ எடுத்துட்டாங்கன்னு சொன்னேன்."

"பைத்தியமா உனக்கு? அவர் வாயாலதான் போச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே? நீ சொல்லலன்னா இன்னிக்கு நான் சொல்றேன்."

"வேண்டாங்கா. சொன்னா அவர் இடிஞ்சு உக்காந்துடுவார். அப்புறம் அவரையும் நான்தான் தூக்கி நிறுத்தணும்." கையிலிருந்த விரிப்பின் மூலையைத் தேடிக்கொண்டே சொன்னாள். "எனக்கு இப்ப தெம்பு இல்ல."

அன்று காரில் ஏறியதும் அவர் அவளைத் தேற்றினார். "விடும்மா, அவங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து என் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன்.

வருடம் முடிந்தது. அந்த நாளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அழுக்கு வண்டி வந்தது, சுத்த வண்டி போனது. அதற்குப் பிறகு அவள் கண்ணாடிக் கதவுப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கிற இடமாகப் பார்த்து மாற்றிக்கொண்டாள். நீல ஸ்வெட்டர்காரர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போனால் நான்தான் பார்க்கிறேன். அவள் திரும்புவதில்லை. எலாஸ்டிக் விரிப்பை என்னைவிட நன்றாக மடிக்கிறாள், நாலு மூலையும் ஒன்றுக்குள் ஒன்று போய் அட்டை மாதிரி நிற்கிறது. நான் திட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தது. கூடத்தில் அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பேசியவர் பேச்சை நிறுத்திவிட்டு, கையால் போனை மூடிக்கொண்டு உள்ளே வந்தார்.

"உங்க லாண்டரி சூப்பர்வைசர். அவங்க வேலைய விட்டுப் போறாங்களாம், அந்த இடத்துக்கு உன்னைப் போடலாம்னு நினைக்கிறாங்க. நிரந்தர வேலை. உன்கிட்டத்தான் பேசணுமாம்." போனை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் கை இரண்டும் சோப்பு நுரையில் இருந்தது. பக்கத்தில்தான் துண்டு தொங்கியது, துடைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? நான் துண்டை எடுத்து நீட்டினேன். "பேசுடி" என்றேன்.

அவள் துண்டை வாங்கவில்லை. குழாயைக்கூட மூடவில்லை.

"நீங்களே பேசுங்க" என்றாள் அவரிடம். "நீங்க நல்லா பேசுவீங்க."

அவருக்கு வெட்கம் கலந்த ஒரு சந்தோஷம். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனைக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க மேடம், நான் அவ ஹஸ்பெண்ட்தான் பேசுறேன்."